காரீயமும் வாயுவறி கருவிகளும்: ஒரு வரலாற்று நோக்கு

கண்ணாற் காணவும் கையாற் பற்றவும் இயலாத காற்றின் நன்மை தீமைகளை அறிதற்கு இயற்கை மனிதனுக்கு அளித்த கருவி மூக்கு ஒன்றேயாம். ஆயின் அக்கருவி எல்லா வாயுக்களையும் அறியும் ஆற்றலுடையதன்று. காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அதனைச் சுவாசிப்பவன் தனக்கு நேர்ந்த அபாயத்தை உணருமுன்னரே உணர்விழந்து விடுகின்றான். நைதரசனீரொட்சைட்டு மணமுடையதாயினும், மூக்கு உணர்தற்கரிய சிற்றளவில் நின்று, நாட்செல்லச் செல்ல மூச்சுறுப்புகளுக்குக் கேடு விளைப்பது. மூக்குத் தவறுமிடத்து மூக்கின் தொழிலைச் செய்தற்குரிய கருவி யாது என்னும் வினா, கடந்த இரு நூற்றாண்டுகளாக அறிஞர் பலரின் சிந்தையை ஈர்த்துள்ளது. அவ்வினாவுக்குக் கிடைத்த மிக அண்மைக்கால விடைகளுள் ஒன்று இலங்கை மக்கள் நெடுங்காலமாக நன்கறிந்த ஒரு பொருளைத் தொட்டு நிற்பதே இக்கட்டுரைக்கு விடயமாகும். அப்பொருள் காரீயம்.

கண்டி மாநகரிலிருந்து மாத்தளை நோக்கிச் செல்லும் வீதியில் அக்குறணையைக் கடந்து செல்வோர் அலவத்துகொட என்னும் ஊரை அடைவர். அவ்வீதியே பின்னர்த் தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி ஆகிய இடங்களைக் கடந்து யாழ்ப்பாணம் வரை நீளும் ஏ9 நெடுஞ்சாலையாகும். இரு மருங்கும் குன்றுகளும் தோட்டங்களும் பொலியும் இவ்வூரின் வழியாக வாகனங்கள் இடையறாது செல்கின்றன. அவற்றின் புகையோடு மேற்கூறிய இரு வாயுக்களும் வெளிப்படுகின்றன. தெற்கே, மலைகள் சூழ்ந்த கிண்ணம்போன்ற பள்ளத்தாக்கில் அமைந்த கண்டியிலோ, காற்றோட்டம் குன்றிய வேளைகளில் அப்புகை எளிதிற் கலைவதில்லை. இனி, அலவத்துகொடவிலிருந்து வடமேற்கே மலைகளுக்கு அப்பாற் சென்றால், குருநாகல் மாவட்டத்திலே, உலகிற் பெயர்பெற்ற கஹட்டகஹக் காரீயச் சுரங்கம் உள்ளது. அறியப்பட வேண்டிய நச்சுவாயு ஒருபுறமும், அதனை அறிவிக்கவல்லதெனக் கருதப்படும் பொருளின் மூலம் மறுபுறமுமாக இவ்வூர் இடைநிற்கின்றது. இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்தித்த வரலாறு நீண்டது.

முதற்கண் பெயரை நோக்குதல் பொருத்தமாகும். ஈயம் என்னும் சொல்லின் முன் கருமையைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்துக் காரீயம் என்றும், வெண்மையைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்து வெள்ளீயம் என்றும் தமிழர் வழங்கினர். பழைய வழக்கிற் காரீயமென்பது உலோகமாகிய ஈயத்தையே குறித்தது. தாளிற் கரிய கோடு கீறும் கனிப்பொருளும் அவ்வுலோகம்போற் கறுத்து மினுங்கியமையால், இலங்கைத் தமிழில் அப்பெயர் அதற்கும் உரியதாயிற்று. ஐரோப்பியரும் இதே மயக்கத்துக்கு ஆளாயினர். இலத்தீன் மொழியில் ஈயத்தைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்த பிளம்பாகோ என்னும் பெயராலேயே இலங்கைக் காரீயம் வணிகருலகில் நெடுங்காலம் வழங்கிற்று. சிங்கள மக்கள் அதனை மினிரன் என்பர். இப்பொருளில் ஈயம் சிறிதுமில்லை, இது கரியின் ஒரு வகையே என்பதை 1779ஆம் ஆண்டிற் சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் சீலே காட்டினார். பத்தாண்டுகளின் பின், 1789இல், செருமானியக் கனிப்பொருளறிஞர் வேர்ணர், எழுதுதல் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டு கிராபைற்று என்னும் பெயரை இதற்குச் சூட்டினார்.

கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாகிய 1815ஆம் ஆண்டு, வாயுவறி கருவிகளின் வரலாற்றிலும் குறிப்பிடத்தக்கதாகும். இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் மெதேன் வாயு தீப்பற்றி வெடித்தலால் தொழிலாளர் திரள்திரளாக மாண்டுவந்தனர். 1812இல் ஃபெலிங் என்னும் சுரங்கத்தில் நிகழ்ந்த ஒரு வெடிப்பில் மட்டும் 92 பேர் உயிரிழந்தனர். இவ்விடரைத் தீர்க்குமாறு வேண்டப்பட்ட ஹம்பிரி டேவி, சுடரை நுண்ணிய கம்பிவலையாற் சூழ்ந்து, 1815இல் காப்பு விளக்கினை அமைத்தார். வலை வெப்பத்தைப் பரப்பிவிடுதலால் உள்ளேயுள்ள சுடர் வெளியேயுள்ள வாயுவைப் பற்றுவதில்லை. அதனினும் நுட்பமான பயன் ஒன்றும் அவ்விளக்கிலிருந்தது. மெதேன் கலந்த காற்றிற் சுடரின்மேல் நீலநிறத் தொப்பிபோன்ற ஒளி தோன்றும். வாயு மிகுந்தாற் சுடர் நீளும். ஒட்சிசன் குறைந்தாற் சுடர் மங்கும். ஆகவே அவ்விளக்கு வெளிச்சம் தந்ததோடு காற்றின் நிலையையும் எடுத்துரைத்தது. ஹம்பிரி டேவியின் தம்பியாகிய ஜோன் டேவி, 1816 முதல் 1820 வரை இலங்கையிற் படை மருத்துவராகப் பணிபுரிந்து, கண்டிப் பிரதேசங்களிற் பயணஞ்செய்து, தாம் கண்டவற்றை 1821இல் நூலாக வெளியிட்டவர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

விளக்கின் பின் பறவை வந்தது. சுரங்க வெடிப்புகளில் மாண்டோரை ஆராய்ந்த ஜோன் ஸ்கொட் ஹோல்டேன், அவர்களிற் பலர் தீயினாலன்றிக் காபனோரொட்சைட்டினால் இறந்தனர் என்பதை 1890களில் நிறுவினார். சிற்றுயிர்கள் மனிதரினும் விரைவில் அவ்வாயுவால் தாக்குண்ணும் என்பதை அறிந்து, அவற்றைச் சுரங்கத்துக்குக் கொண்டுசெல்லுமாறு அவர் கூறினார். கூட்டிலடைத்த கனேரிப் பறவை இவ்வாறு சுரங்கத் தொழிலாளியின் துணையாயிற்று. பிரித்தானியச் சுரங்கங்களிலிருந்து அப்பறவைகள் விலக்கப்பட்டது 1986ஆம் ஆண்டிலேயே. ஒரு நூற்றாண்டுக்கு அண்மித்த காலம், மனிதன் தன் உயிரைக் காத்தற்கு இன்னோர் உயிரின் மயக்கத்தை அடையாளமாகக் கொண்டிருந்தான்.

இதே காலத்தில் இலங்கையின் காரீயம் உலகச் சந்தையில் உயர்ந்த இடத்தைப் பெற்றிருந்தது. பிறநாடுகளிற் காரீயம் பெரும்பாலும் பாறையினுட் சிறு செதில்களாகக் கலந்து கிடக்க, இலங்கையிலோ அது பாறை வெடிப்புகளில் நரம்பு நரம்பாகத் திரண்டு கிடக்கின்றது. தேர்ந்தெடுத்த கட்டிகளிற் காபனின் அளவு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது பங்காகவும் இருப்பதுண்டு. கேகாலை மாவட்டத்துப் போகலச் சுரங்கமும் குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹச் சுரங்கமும் இவ்வகையிற் புகழ்பெற்றவை. பெரும் வெப்பத்திலும் உருகாதிருக்கும் இயல்பினால், உலோகங்களை உருக்கும் மூசைகள் செய்தற்குக் காரீயம் வேண்டப்பட்டது. இலண்டன் பட்டர்சீயிலிருந்த மோர்கன் மூசைத் தொழிற்சாலையும் அமெரிக்காவின் டிக்சன் தொழிற்சாலையும் இலங்கைக் காரீயத்தை விரும்பி வாங்கின. முதலாம் உலகப் போரின்போது படைக்கலத் தொழிலுக்காக அதன் தேவை பெருகிற்று. 1916இல் ஏற்றுமதி 33 ஆயிரம் தொன்னைக் கடந்தது. அத்தகலை, சேனநாயக்க முதலிய குடும்பங்கள் இவ்வணிகத்தாற் செல்வமும் செல்வாக்கும் பெற்று, பின்னாளில் இந்நாட்டின் அரசியலை வழிநடத்தியமை யாவரும் அறிந்ததே.

அச்செல்வத்தை நிலத்தின் வயிற்றிலிருந்து கொணர்ந்தோரின் நிலை வேறு. ஆரம்ப காலத்திற் குழிகளில் மர ஏணிகளும் கயிறுகளுமே போக்குவரத்துக்கு உதவின. நீர்ப்பெருக்கும் பாறைச்சரிவும் அன்றாட அபாயங்கள். காற்றோட்டமற்ற சுரங்கவழிகளிற் பாறையைப் பிளத்தற்கு வெடிமருந்து பயன்படுத்தப்படுமிடத்து, அதன் புகையிற் காபனோரொட்சைட்டும் நைதரசனின் ஒட்சைட்டுகளும் தோன்றுதல் இயல்பு. கொழும்பிலிருந்த களஞ்சிய முற்றங்களிற் பெண்கள் காரீயத்தைத் தரம் பிரித்தனர். வாயுவை அறிவிக்கவல்ல பொருளைத் தம் கையிலேந்தி நின்ற அம்மக்களுக்கு, தாம் சுவாசித்த வாயுவை அறிவிக்க எக்கருவியும் இருக்கவில்லை. இது வரலாற்றின் ஒரு கசப்பான முரணாகும்.

போர் முடிந்ததும் விலை சரிந்தது. மடகாஸ்கார்த் தீவின் செதிற்காரீயம் மூசைத் தொழிலில் இலங்கைக் காரீயத்தின் இடத்தைக் கைப்பற்றியது. சுரங்கங்கள் பல மூடப்பட்டன. 1971ஆம் ஆண்டில் எஞ்சியிருந்த முக்கிய சுரங்கங்கள் அரசுடைமையாக்கப்பட்டன. பின்னர்ப் போகல மீண்டும் தனியார் கைக்குச் சென்றது. தூய்மையில் நிகரற்ற பொருளைக் கொண்டிருந்த நாடு ஏன் அத்தொழிலில் நிலைபெறவில்லை? பொருள் இந்நாட்டிலிருந்தது, அப்பொருளைக் கருவியாக்கும் அறிவு பிறநாட்டிலிருந்தது. மூசை செய்வோர் தம் செய்முறையை மாற்றிக்கொண்டவுடன் வேறு காரீயமும் அவர்களுக்குப் போதுமானதாயிற்று.

வாயுவறி கருவிகளின் வரலாற்றில் அடுத்த படி யப்பானில் எடுக்கப்பட்டது. 1962இல் சேயாமா என்பாரும் அவருடன் உழைத்தோரும், சூடேற்றிய நாகவொட்சைட்டுப் படலத்தின் மின்கடத்துதிறன் சூழவுள்ள வாயுவுக்கேற்ப மாறுவதைக் காட்டினர். அவ்வாண்டிலேயே தகுச்சி என்பார் வெள்ளீயவொட்சைட்டை அடிப்படையாகக் கொண்ட கருவிக்கு உரிமம் கோரினார். வீடுகளிற் சமையலுக்குப் பயன்பட்ட பெற்றோலிய வாயு கசிந்து வெடித்த நிகழ்ச்சிகளே அவரைத் தூண்டின. 2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் இலங்கை வீடுகளிற் சமையல் வாயு தொடர்பாக நிகழ்ந்த வெடிப்புகளை நினைவுகூர்வோர்க்கு இத்தேவையின் பெருமையை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் வெள்ளீயவொட்சைட்டுக் கருவிக்கு ஒரு குறையுண்டு. ஏறத்தாழ 200 முதல் 400 பாகை செல்சியசு வரை சூடேற்றினாலன்றி அது செவ்வனே தொழிற்படாது. அச்சூட்டுக்கு மின்வலு செலவாகின்றது. அறை வெப்பநிலையிலேயே வாயுவை உணரும் பொருள் கிடைக்குமா என்னும் தேட்டம் இதனால் எழுந்தது.

இத்தேட்டம் காரீயத்தை எவ்வாறு வந்தடைந்தது என்பதை அறிதற்கு அதன் அமைப்பை நோக்குதல் வேண்டும். காரீயத்திற் காபன் அணுக்கள் தேன்கூட்டின் அறைகள்போல் அறுகோணங்களாகப் பிணைந்து தட்டையான படைகளாகவுள்ளன. ஒரு படையினுள் அணுக்களின் பிணைப்பு மிக வலியது. படைக்கும் படைக்குமிடையேயுள்ள பிணைப்போ மிக நொய்யது. பென்சில் தாளில் உராயும்போது படைகள் வழுக்கிக் கழன்று கோடாகப் படிவது இதனாலேயே. ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள காரீயத்தில் ஏறக்குறைய முப்பது இலட்சம் படைகள் அடங்கும். இவற்றுள் தனித்த ஒரு படையே கிராபீன் எனப்படும். 1947இல் வொலஸ் என்பார் இத்தகைய ஒற்றைப்படையின் மின்னியல்புகளைக் கணித்தார். 1962இல் செருமனியிற் போம் என்பார் காரீயவொட்சைட்டிலிருந்து மிக மெல்லிய காபன் படலங்களைப் பெற்றார். கிராபீன் என்னும் பெயரை 1986இல் முன்மொழிந்தோருள் அவரும் ஒருவர். 2004ஆம் ஆண்டில் மன்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்து ஆந்திரே கைமும் கொன்ஸ்தாந்தீன் நொவோசெலோவும், காரீயத்தில் ஒட்டுநாடாவை ஒட்டி உரித்து, மீண்டும் மீண்டும் உரித்து, மிக மெல்லிய படைகளைப் பிரித்தெடுத்து அவற்றின் மின்னியல்பை ஆராய்ந்தனர். 2010ஆம் ஆண்டுக்குரிய பௌதிகவியல் நோபல் பரிசு அவ்விருவருக்கும் வழங்கப்பட்டது.

ஒற்றை அணுத் தடிப்புள்ள படலத்தில் உள்ளிடம் என்று ஒன்றில்லை. ஒவ்வோர் அணுவும் மேற்பரப்பிலேயே நிற்பதால், அங்கு வந்தமரும் வாயு மூலக்கூற்றின் விளைவு படலம் முழுவதிலும் உணரப்படும். நைதரசனீரொட்சைட்டு இலத்திரனைக் கவரும் இயல்பினது. அமோனியா இலத்திரனை ஈயும் இயல்பினது. இலத்திரன்களின் வரவாலும் செலவாலும் படலத்தின் மின்தடை கூடியோ குறைந்தோ நிற்கும். அம்மாற்றத்தை அளந்தால் வாயுவின் வருகை தெரியும். 2007இல் மன்செஸ்டர்க் குழுவினர், தனித்தனி மூலக்கூறுகள் படலத்தில் வந்தமர்தலையும் விட்டகல்தலையும் மின்தடையிற் படிப்படியான மாற்றங்களாகக் கண்டதாக அறிவித்தனர். அறிவியலுலகம் வியந்தது. ஒரே மூலக்கூற்றை அறியும் கருவியினும் நுண்ணிய வாயுவறி கருவி இருத்தல் கூடாதன்றோ?

ஆனால் வரலாறு அவ்வளவில் முடியவில்லை. 2009ஆம் ஆண்டிற் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஒரு முக்கியமான உண்மையை வெளியிட்டனர். கிராபீனிற் கருவி அமைக்கும்போது பயன்படுத்தப்படும் பல்பகுதியப் பூச்சின் எச்சம், கழுவிய பின்னும் மெல்லிய படையாக அதன்மேல் ஒட்டிநிற்கும். அவ்வெச்சத்தை முற்ற நீக்கிவிட்டு மீண்டும் சோதித்தபோது, அவர்கள் ஆராய்ந்த ஆவிகளுக்குக் கிராபீன் காட்டிய உணர்ச்சி வெகுவாகக் குன்றிற்று. ஆவியைத் தன்பால் ஈர்த்துத் திரட்டி வைத்தது அழுக்குப் படையே. அதன் விளைவை மின்தடையாக வெளிப்படுத்தியது மட்டுமே கிராபீனின் பங்கு. தூய்மையே சிறப்பு என்று போற்றப்பட்ட பொருள், உணர்தற்றொழிலில் தூய்மையாற் சிறக்கவில்லை. இம்முடிவு கிராபீனின் மதிப்பைக் குறைத்ததன்று. எதனை அதன்மேற் சேர்த்தால் எவ்வாயுவை அறியும் என்று தேடும் வழியைத் திறந்தது. ஒரு வாயுவைப் பிறிதொன்றிலிருந்து பிரித்தறிதல், ஈரப்பதனின் குழப்பத்தை நீக்குதல், ஒருமுறை உணர்ந்தபின் விரைவில் பழைய நிலைக்கு மீளுதல் ஆகிய மூன்றும் இத்துறையின் தீராத சிக்கல்களாக நிற்கின்றன. 2007இன் கருவியே, பற்றிய மூலக்கூறுகளை உதறுதற்கு 150 பாகை செல்சியசு வெப்பத்தை வேண்டிற்று. இன்றும் வீட்டு வாயு எச்சரிக்கைக் கருவிகளிற் பரவலாகக் காணப்படுவன வெள்ளீயவொட்சைட்டு முதலிய பழகிய பொருள்களே.

இலங்கையர் கருத்தூன்ற வேண்டிய செய்தி இன்னொன்றுண்டு. பெரும்பரப்புள்ள கிராபீன் படலத்தைச் செய்தற்குக் காரீயமே வேண்டுவதில்லை. 2009இல் தெக்சாஸ் பல்கலைக்கழகத்தார், ஏறத்தாழ 1000 பாகை செல்சியசு வெப்பத்திற் செப்புத் தகட்டின்மேல் மெதேன் வாயுவைச் செலுத்தி, அதன் காபனைக் கிராபீன் படலமாகப் படியவைக்கும் முறையை வெளியிட்டனர். சுரங்கத் தொழிலாளரை அன்று கொன்ற வாயுவே இன்று வாயுவறி படலத்தின் மூலப்பொருளாயிற்று. சிலிக்கன் காபைட்டைச் சூடேற்றிப் படலம் பெறும் முறையும் உண்டு. ஆகவே, கிராபீன் யுகம் பிறந்துவிட்டது, இனி நம் காரீயத்துக்குப் பொற்காலம் என்று மகிழ்ந்திருத்தல் 1916இன் மயக்கத்தை மறுபடியும் தழுவுதலாகும்.

எனினும் காரீயத்துக்கு உரிய வழி அடைபடவில்லை. ஹமர்ஸ், ஒஃபெமன் ஆகியோர் 1958இல் வெளியிட்ட முறைப்படி, காரீயத்தைக் கந்தகவமிலமும் பரமங்கனேற்றும் கொண்டு ஒட்சியேற்றினாற் காரீயவொட்சைட்டு உண்டாகும். அதன் படைகள் நீரில் எளிதிற் பிரிந்து மைபோற் பரவும். அம்மையைப் பூசி, ஒட்சிசனின் பெரும்பகுதியை நீக்கினால் மின்கடத்தும் படலம் கிடைக்கும். 2008இல் ஐக்கிய அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தார் இத்தகைய படலங்களை நச்சாவிகளை அறியும் கருவிகளாக அமைத்துக் காட்டினர். இப்படலத்தில் எஞ்சியிருக்கும் ஒட்சிசனும் குறைபாடுகளும் வாயு மூலக்கூறுகள் பற்றுதற்குரிய இடங்களாகின்றன. இங்கும் குறையே நிறைவாதல் காண்க. செலவு குறைந்த இம்முறைக்குத் தொடக்கப்பொருள் காரீயமேயாதலின், நரம்புக்காரீயம் உடைய நாட்டுக்கு இதிற் பங்குண்டு.

அப்பங்கைக் கொள்ளுதற்கான முயற்சியும் இந்நாட்டிலே தொடங்கியுள்ளது. 1981இல் நிறுவப்பட்டு, கண்டி ஹந்தானை மலைச்சாரலில் அமைந்துள்ள அடிப்படைக் கற்கைகளுக்கான தேசிய நிறுவகத்தில் இலங்கைக் காரீயம் பற்றிய ஆய்வுகள் நடைபெற்றுள்ளன. 2008இல் அமைக்கப்பட்ட இலங்கை நனோ தொழினுட்ப நிறுவகம் காரீயத்திலிருந்து கிராபீன் சார்ந்த பொருள்களைப் பெறும் பணியில் ஈடுபட்டது. அவற்றை வணிகமுறையில் ஆக்குதற்கென 2018இல் ஒரு நிறுவனமும் தோன்றியது. இவை நல்ல தொடக்கங்களே. ஆனால் கட்டியாக ஏற்றிய காரீயத்துக்குப் பதிலாகத் தூளாகவோ மையாகவோ கிராபீனை ஏற்றி அனுப்புவதோடு நின்றுவிடின், மூசைத் தொழிலில் நேர்ந்ததே மீண்டும் நேரும். வாயுவை உணர்வது வெறும் படலமன்று. அப்படலத்தின்மேல் எதைச் சேர்ப்பது, அதன் குறிப்பை எவ்வாறு அளப்பது, ஈரம் மிகுந்த மலைநாட்டுக் காற்றில் அவ்வளவீட்டை எவ்வாறு திருத்துவது என்றறிந்த அறிவே உணர்கின்றது. அவ்வறிவு இந்நாட்டுக் காற்றை இந்நாட்டிலேயே அளந்து பழகுவதால் வருவது.

2012இல் அமெரிக்காவின் மசச்சூசெற்சுத் தொழினுட்ப நிறுவகத்தார், காபன் நுண்குழாய்களை அழுத்திப் பென்சிற் குச்சியாக்கி, அதனாற் சாதாரணத் தாளிற் கீறிய கோடே அமோனியா வாயுவை அறியும் கருவியாதலைக் காட்டினர். எழுதுதல் என்னும் வினையாற் பெயர்பெற்ற பொருளின் இனம், எழுதும் செயலாலேயே கருவியாயிற்று. பெருஞ்செலவுள்ள கூடங்களில் மட்டுமே இத்துறை வளருமென்று கருதி ஒதுங்குவோர் இதனை எண்ணிப் பார்ப்பது நன்று.

அலவத்துகொட வீதியோரத்துப் பாடசாலைகளிற் பயிலும் மாணவர் கையிலுள்ள பென்சிலிற் கரிக்கோடு கீறுவது காரீயம். அவர்கள் நாள்தோறும் சுவாசிக்கும் காற்றிற் கலந்திருப்பது வாகனப்புகையின் நைதரசனீரொட்சைட்டு. கையிலுள்ள பொருளையும் மூச்சிலுள்ள வாயுவையும் ஒரே பாடமாக இணைத்துக் கற்பிக்கும் ஆசிரியரும், கற்றதைக் கருவியாக்கிப் பார்க்கும் மாணாக்கரும் தோன்றுவாராயின், நிலத்தின்கீழ்க் காற்றின்றி வாடி இக்காரீயத்தை அகழ்ந்த முன்னோரின் உழைப்புக்கு இந்நாடு செலுத்தும் கடன் அதுவாகும்.